மூன்றாம் அத்தியாயத்தில் செத்தவள்

என் சாவை நானே டைப் அடித்தேன். அச்சுக்குப் போகும் முன் பிழையும் திருத்தினேன். 'அவள் மூச்சு நின்றது' என்ற வரி ஒரே பக்கத்தில் இரண்டு தடவை வந்திருந்தது. ஒரு தடவை நின்றால் போதும் என்று மற்றதை எடுத்துவிட்டேன்.

கொல்லிமலையில், அரியூர் நாட்டில், பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. சாதிச் சான்றிதழ், பட்டா, ஆதார் திருத்தம் எல்லாவற்றுக்கும் மலைக்காரர்கள் என்னிடம்தான் வருவார்கள். டைப்பும் அடித்துக் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் வாத்தியார். ஐம்பதை நெருங்கும் வயதில் சிலருக்குச் சர்க்கரை வரும், சிலருக்கு முட்டி வலி வரும். இவருக்கு நாவல் வந்தது.

நாவல் சும்மா வரவில்லை. ஒரு ஜீப்பில் வந்தது. மலையில் விளைகிற சாமை, தினை, கேழ்வரகு ரகங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யச் சென்னையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். கட்டையாக வெட்டிய முடி, காலில் கனமான ஷூ, தோளில் ஒரு பை. வயலில் இறங்கினால் சேறு பார்க்க மாட்டாள். வேலையில் கெட்டி. அவள் மேல் எனக்கு அன்றும் கோபம் கிடையாது, இன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் பேச வந்தவளுக்கு இவர் மைக்கைப் பிடித்துக் கொடுத்தார். அதோடு பிடித்தது பைத்தியம்.

அதற்கப்புறம் இவர் அவளுக்கு மொழிபெயர்ப்பாளர் ஆனார். மலைக்காரர்கள் பேசும் தமிழ் சென்னைக்காரிக்குப் புரியாதாம். இவர் ராசிபுரத்துக்காரர். மலைப் பேச்சில் பாதி இவருக்கே புரியாது. அவர்கள் ஒன்று சொல்ல, இவர் ஒன்று சொல்ல, அந்தப் பெண் தலையை ஆட்டிவிட்டு அப்புறம் தனியாகப் போய் அவர்களிடமே கேட்டுக்கொள்வாள். இதை அவளே பின்னால் என்னிடம் சிரித்துக்கொண்டு சொன்னாள். யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல்தான் சொன்னாள்.

இவர் பகுத்தறிவாளர். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும், ஏனென்றால் அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில் இவரே அதைச் சொல்லிவிடுவார். கோயிலுக்குள் வர மாட்டார், வெளியே செருப்போடு நிற்பார். பொங்கல் மட்டும் வெளியே வந்தாக வேண்டும். நான் அம்மன் முன்னால் பூப்போட்டுக் கேட்டால் அன்றைக்கு முழுவதும் வீட்டில் வகுப்பு நடக்கும். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டி, ஒன்றை எடுத்துப் பார்த்து முடிவு செய்கிறவள் காட்டுமிராண்டி என்பார். நிகழ்தகவு என்று ஒரு வார்த்தையை அப்போது பத்து தடவை சொல்வார். ஒருநாள் அந்தப் பெண், விதைக்கும் முன்னால் மலைக்காரர்கள் இதே மாதிரி பூக்கேட்பதைப் பற்றிச் சொன்னாளாம். வீட்டுக்கு வந்து கண்ணை மூடிக்கொண்டு, "எவ்வளவு அழகான மரபு தெரியுமா" என்றார். அதே பூதான். நான் கேட்டால் மூடநம்பிக்கை, அவள் குறிப்பெடுத்தால் பண்பாடு.

நாவலை அச்சகத்துக்கு அனுப்ப நாள் பார்த்ததும் இந்தப் பகுத்தறிவாளர்தான். செவ்வாய்க்கிழமை முடிந்த வேலையை ஒருநாள் தள்ளினார். ஏன் என்று கேட்டேன். பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதாம். "அது சும்மா ஒரு வசனத்துக்குச் சொல்றது" என்றார்.

அந்தப் பெண் என் கடைக்கு அடிக்கடி வருவாள். வயல் படங்கள், அட்டவணைகள் என்று நிறைய பிரிண்ட் எடுப்பாள். என்னை 'ஜெராக்ஸ் அக்கா' என்பாள். ஒருநாள் இவரும் அவளோடு வந்தார். நான் இவருக்குக் காலையில் கட்டிக் கொடுத்த சோற்றுப்பை கையில் இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, "இதுல ரெண்டு காப்பி எடுத்துக் குடுங்க" என்றார். குடுங்க! வீட்டில் என்னை 'இந்தா' என்றுதான் கூப்பிடுவார். கல்யாணமான நாளிலிருந்து எனக்குக் கிடைத்த முதல் மரியாதை அது. நான் எடுத்துக் கொடுத்தேன். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் என்பதால் இவள்தான் அவர் மனைவி என்று யாரும் அவளிடம் தனியாகச் சொல்லவில்லை. இவரும் சொல்லவில்லை.

நாவலைக் கையால் எழுதினார். எழுத எழுதத் தாள்களை என் மேசையில் வைப்பார். "இந்தா, மார்ஜின் சரியா விடு" என்பார். கதை இதுதான். மலையில் வேலை பார்க்கும் ஒரு இயற்பியல் ஆசிரியர், உண்மையைத் தேடும் மனிதர். அவருக்கு ஒரு மனைவி, சாமி பைத்தியம், படிப்பு வாசனை குறைவு. மூன்றாம் அத்தியாயத்தில் மனைவி சாகிறாள். நான்காம் அத்தியாயத்தில் ஜீப் வருகிறது.

ஜீப்பிலிருந்து இறங்கும் பெண்ணின் கண்கள் இரண்டு கருந்துளைகள் என்று எழுதியிருந்தார். கருந்துளைக்குள் போன எதுவும் திரும்பி வராது என்று பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வருடா வருடம் சொல்லிக் கொடுக்கிற ஆள். என்ன தெரிந்து எழுதினாரோ. அந்தப் பெண் கண்ணாடிக் குடுவையில் தினை வளர்க்கிறாள். தினைக்குப் பக்கத்தில் நின்று பிரபஞ்சம் பற்றிப் பேசுகிறாள். நாயகன் சிரிக்கிறார். அத்தியாயத்துக்கு இரண்டு தடவை மூடுபனி வருகிறது. இங்கே மூடுபனி வந்தால் துணி காயாது, மிளகு காயாது, கரண்ட் போகும். அதெல்லாம் நாவலில் வராது.

என் சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்குப் பெயர் தெரியாத ஒரு காய்ச்சல். இவர் என்னைப் பஸ்ஸில் கீழே கூட்டிக்கொண்டு போகிறார். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப என் தலை இவர் தோளில் சாய்கிறது. கடைசி வளைவில் நான் கண்ணைத் திறந்து, "நீங்கள் சந்தோஷமாக இருக்க வேண்டும்" என்று சொல்லிவிட்டுச் சாகிறேன். நான் மலையடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் பிறந்து வளர்ந்தவள். மலை ஏறினாலும் இறங்கினாலும் எனக்கு வாந்திதான் வரும். தத்துவம் வராது.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதை மட்டும் நாவலில் மாற்றவில்லை, அது கதைக்கு வசதியாக இருந்தது.

அந்த அத்தியாயத்தை அடித்து முடித்த அன்று இவரிடம் கேட்டேன். "இவளை ஏன் சாகடிச்சீங்க?"

"கதைக்குத் தேவைப்பட்டுச்சு."

"என்ன தேவை?"

"நாயகனுக்கு ஒரு வெறுமை வேணும். இல்லீனா அவன் தேடல் ஆரம்பிக்காது. அது நீ இல்லை. கற்பனை."

கற்பனை நீல நிற ஸ்கூட்டி ஓட்டினாள். கற்பனைக்கு ஜெராக்ஸ் கடை இருந்தது. கற்பனையின் தாடையில், எனக்கு இருக்கிற அதே இடத்தில், ஒரு மச்சமும் இருந்தது. இவர் டீ கேட்டார், போட்டுக் கொடுத்தேன்.

அதே வாரம் நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருப்பதாகச் சொன்னார். அந்தப் பெண்ணின் ஆராய்ச்சி சென்னையில் தொடருமாம், மலையை உள்ளும் புறமும் அறிந்த ஒரு எழுத்தாளர் அங்கே தேவைப்படுவாராம். "உனக்கென்ன, கடை இருக்கு, ஆளுங்க பழக்கம் இருக்கு. நீ பாட்டுக்கு இருந்துக்கலாம்" என்றார். யார் கூப்பிட்டார்கள் என்று கேட்டேன். பரணிலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினார்.

நான் பயந்தேன். அதைச் சொல்லாவிட்டால் நான் எழுதுவது வெறும் நக்கலாகிவிடும். இவர் போய்விடுவார், நான் தனியாக நின்றுவிடுவேன், மூன்றாம் அத்தியாயத்தை இவர் காகிதத்தில் முடித்த மாதிரி வாழ்க்கையிலும் முடித்துவிடுவார் என்று நினைத்தேன். இவ்வளவு மட்டமான ஒரு ஆளை இழக்கவும் பயமாக இருக்கும் என்பது எனக்கே புதிதாக இருந்தது. பயத்தில் இவர் மேல் எனக்கிருந்த இளக்காரம் ஒரு இம்மியும் குறையவில்லை. இரண்டும் ஒரே அடுப்பில் கொதித்தன.

அச்சகம் கீழே ராசிபுரத்துப் பக்கம் ஒரு பாயுடையது. புத்தகத்தைக் கட்டி அனுப்பும் முன் அவர் எனக்குப் போன் செய்தார். கட்டுகளைப் பற்றிப் பேசிவிட்டு, "ஏம்மா, ஊட்டுல எல்லாம் சௌக்கியந்தானே?" என்று கேட்டார். சௌக்கியம் என்றேன். "சரிம்மா, ஒடம்பப் பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டார். அந்த நாவலைச் சரியாகப் படித்த ஒரே வாசகர் அவர்தான் என்று நினைக்கிறேன்.

புத்தகம் வந்ததும் இவர் ஊருக்கெல்லாம் கொடுத்தார். கேட்டவர்களுக்கும் கொடுத்தார், கேட்காதவர்களுக்கும் கொடுத்தார். டீக்கடையில் இரண்டு பிரதிகள், ரேஷன் கடையில் ஒன்று. எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒன்று கொடுத்தார். அக்கா மலைக்காரி. மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். அவருக்குப் படிக்க வராது. கல்லூரியில் படித்த மருமகள் இருக்கிறாள். பலாமரத்தடியில் பெண்கள் உட்கார்ந்து மிளகுக் கொத்திலிருந்து மிளகை உதிர்க்கும்போது அவள் சத்தமாக வாசித்திருக்கிறாள். இரண்டு அத்தியாயம் வரைக்கும் பாதிப்பேர் தூங்கினார்களாம். மூன்றாவதில் எழுந்துவிட்டார்கள். நீல ஸ்கூட்டி, கடை, மச்சம் எல்லாம் வந்ததும் யாரென்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் நான் செத்ததும் எல்லாரும் ஓவென்று அழுதிருக்கிறார்கள். என் வீட்டுக்காரர் எழுத்துக்கு அப்படி ஒரு சக்தி இருந்தது, அவருக்குத் தெரியாமலேயே.

அழுது முடித்துத் தலையைத் தூக்கினால், செத்தவள் ரோட்டில் ஸ்கூட்டியில் போகிறாள்.

மறுநாள் காலையில் அக்கா என் கடைக்கு வந்தார். உள்ளே வந்து என் தலையைத் தொட்டுத் தடவிப் பார்த்தார். "ஏங்கண்ணு, எப்பத் தட்டுச்சு?" என்றார்.

"என்னதுங்க்கா?"

"காக்காதான். எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? நாங்க என்ன அசலூட்டு மனுசங்களா?"

எனக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு புரிந்தது. காகம் ஒருவர் தலையில் தட்டிவிட்டால் சனி பிடித்தது, சாவு நெருங்கிவிட்டது என்று எங்கள் பக்கத்தில் மலையிலும் கீழேயும் நம்புவார்கள். அதற்குப் பரிகாரம், அந்த ஆள் செத்துவிட்டதாக உறவுக்காரர்களுக்குப் பொய்யாக எழவு சொல்லி அனுப்புவது. அவர்கள் உண்மையென்று நம்பி ஓடி வந்து அழுதுவிட்டால், வர வேண்டிய சாவு வந்து போன கணக்கில் கழிந்துவிடும். என் தலையில் காகம் தட்டியதற்காக என் வீட்டுக்காரர் பொய் எழவு சொல்லியிருக்கிறார் என்று அந்தப் பெண்கள் முடிவு செய்துவிட்டார்கள்.

"மத்தவங்க போனுல சொல்லுவாங்க. ஆளு விட்டுச் சொல்லுவாங்க. வாத்தியாரு புத்தகமே போட்டுச் சொல்லிருக்காரு பாரு! உம்மேல எத்தனை பாசம் இருந்தா இத்தனை செலவு பண்ணுவாரு? சாமி கும்பிடாதவருன்னு நாங்க ஏசிக்கிட்டுக் கெடந்தோம். மனசுக்குள்ள எல்லாம் வெச்சிருக்காரு" என்று அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அக்கா, காக்கா தட்டவில்லை, ஜீப்தான் தட்டியது, வழியில் இடைஞ்சலாக இருக்கிறேன் என்று இவர் என்னைக் கதையில் சாகடித்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. அவர்கள் புரிந்துகொண்ட கதை என் கதையைவிட நன்றாக இருந்தது. இப்படியொரு புருஷன் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று ஒரு நிமிடம் தோன்றியது. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் தோன்றியது.

அக்கா அடுத்துச் சொன்னதுதான் முக்கியம். "அழுகறது அழுதாச்சு. பொய் சொன்னவரு எல்லாரு முன்னாடியும் வந்து, பொய்தான் சொன்னேன், என் பொண்டாட்டி உசுரோட இருக்கான்னு வாயத் தொறந்து சொல்லோணும். அழுதவங்களுக்குச் சோறு போடோணும். சொல்லாம உட்டா பொய் மெய்யாயிரும் கண்ணு. வெளையாட்டில்ல."

எனக்குக் காகத்தின் மேல் நம்பிக்கை கிடையாது. பூவை நம்புவேன், காகத்தை நம்ப மாட்டேன், ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு. ஆனால் அந்த வாக்கியத்தைக் கேட்டதும் எனக்குள் ஒரு ஆசை எழுந்தது. இந்த ஆள் வாயால் அது வர வேண்டும். ஊர் முன்னால், அந்தப் பெண் முன்னால், நான் உயிரோடு இருக்கிறேன், இவர் பெண்டாட்டியாக இருக்கிறேன் என்று இவர் சொல்லிக் கேட்க வேண்டும். சொல்லிவிட்டால் போக மாட்டார். சொல்லாவிட்டால் போய்விட்டார் என்று அர்த்தம். அக்காவிடம், "கடை வாசல்லதாங்க்கா தட்டுச்சு. போன மாசம்" என்றேன். "ஞாயித்துக்கெழமை புத்தக வெளியீடு. அன்னிக்கு ஊட்டுலதான் சாப்பாடு, அங்கயே சொல்லச் சொல்லீரலாம்."

அன்று சாயங்காலமே அக்கா இவரிடம் விஷயத்தைச் சொன்னார். இவர் சிரித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து காகத்தின் மூளை எடை, பறவைகளின் எல்லைப் பாதுகாப்பு உணர்வு என்று ஆரம்பித்தார். அக்கா மரியாதையாகக் கேட்டுவிட்டு, "சரிங்க சாமி, ஞாயித்துக்கெழமை சொல்லீருங்க" என்று போய்விட்டார். இவர் உள்ளே வந்து என்னிடம், "இவங்களையெல்லாம் திருத்தவே முடியாது" என்றார். ஆமாங்க என்றேன்.

வெளியீடு பள்ளிக்கூட ஹாலில் நடந்தது. சமோசாவுக்கு வந்தவர்கள் முன்வரிசையிலும், தலைமையாசிரியருக்குப் பயந்து வந்தவர்கள் பின்வரிசையிலும் உட்கார்ந்தார்கள். மலைக்காரப் பெண்கள் ஓரத்தில் தனியாக ஒரு கூட்டம். நான் வாசலில் புத்தக மேசையில் இருந்தேன். இவர் புதிதாக வாங்கிய கதர்ச் சட்டையில் கஞ்சி விறைப்போடு மேடையில் இருந்தார். தலைக்கு மை பூசியிருந்தார். அந்த மை காதோரம் கொஞ்சம் வழிந்திருந்தது, நான் சொல்லவில்லை.

அந்தப் பெண்தான் சிறப்பு விருந்தினர். அவள் சுருக்கமாகப் பேசினாள். தன் வேலை இங்கே முடிந்தது, அடுத்த வாரம் கிளம்புகிறேன் என்றாள். தினையை யாரும் குடுவையில் வளர்ப்பதில்லை, அடுத்த பதிப்பில் மாற்றிவிடலாம் என்று நல்லபடியாகவே சொன்னாள். கருந்துளையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது தன் கண் என்று அவளுக்குத் தெரிந்திருக்குமா என்பதே சந்தேகம்தான். கடைசியாகச் சொன்னாள், "எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது மூணாவது அத்தியாயம். சார் தன் மனைவியை இழந்த வலியை அப்படியே எழுதியிருக்கார். அனுபவம் இல்லாம அப்படி எழுத முடியாது."

ஹால் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. ஆசிரியர்களில் ஒருவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். தலைமையாசிரியர் கூரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் மைக்கைப் பார்த்தார். அந்த நேரத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'இல்லைம்மா, அதோ இருக்கிறாள்' என்றால் முடிந்தது. மைக் இவருக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்தது. பள்ளியில் காலை வணக்கக் கூட்டத்தில் யார் கையிலிருந்தாலும் பிடுங்கிப் பேசுகிற ஆள். அன்று அதைத் தொடவில்லை.

ஓரத்தில் மலைக்காரப் பெண்கள் மட்டும் சந்தோஷப்பட்டார்கள். "பாத்தியா, அந்தச் சென்னைக்காரம்மாவும் நம்பிருச்சு. எழவு நல்லாப் பலிச்சிருக்கு" என்று ஒருத்தி சொன்னது என் காதில் விழுந்தது.

மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் காலையிலேயே ஆக்கி வைத்திருந்தேன். நான் முன்னால் வந்துவிட்டேன். பெண்கள் மஞ்சத் தண்ணீர்ச் சொம்போடு வாசலில் நின்றார்கள். இவரும் அந்தப் பெண்ணும் ஜீப்பிலிருந்து இறங்கி வந்தார்கள். அக்கா குறுக்கே நின்று, "சாமி, சொல்லீட்டு உள்ள போங்க" என்றார்.

"அப்புறம் பாத்துக்கலாங்க" என்றார் இவர்.

"படி தாண்டீட்டாச் செல்லாதுங்க."

இவருக்குச் சட்டைக்குள் வியர்த்தது. சட்டென்று வாத்தியார் குரலை எடுத்தார். "இங்க பாருங்க. நான் இயற்பியல் படிச்சவன். காக்கா தட்டறதுக்கும் மனுசன் சாகறதுக்கும் சம்பந்தம் கிடையாது. இந்த மூடத்தனத்துக்கு நான் துணை போக மாட்டேன். அது என் கொள்கை." அந்தக் கொள்கையின் பின்னால் எவ்வளவு பெரிய உடம்பை ஒளிக்க முடிகிறது என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"நீங்க நம்ப வேண்டாமுங்க சாமி. சொன்னாப் போதும்" என்றார் அக்கா.

அந்தப் பெண்ணுக்கு ஆர்வம் வந்துவிட்டது. பையில் கைவிட்டுக் குறிப்பேட்டைத் தேடிக்கொண்டே, "இது என்ன சடங்கு, எனக்குச் சொல்லுங்களேன்" என்றாள். அக்கா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். "இவதாங்கம்மா வாத்தியாரு ஊட்டுக்காரம்மா. காக்கா தட்டிருச்சுன்னு, உசுரோட இருக்கறவளைச் செத்துட்டான்னு புத்தகத்துல போட்டாரு. இப்ப இல்லீன்னு சொல்லோணும். சொல்லீட்டா இவ பொழச்சுக்குவா."

குறிப்பேடு பைக்குள்ளேயே நின்றுவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்களா?"

"ஆமாங்க. நான்தான் மூணாவது அத்தியாயம்" என்றேன்.

அவள் கெட்டிக்காரி. கண்ணில் ஒவ்வொன்றாகக் கூடியது தெரிந்தது. கடை, இரண்டு காப்பி, ஹாலில் திரும்பிய தலைகள். அவள் இவர் பக்கம் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் இவர் அதை வைத்து இரண்டாம் பாகம் எழுதியிருப்பார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பையனைப் பார்ப்பது போல் பார்த்தாள். "சொல்லுங்க சார். சாப்பாடு ஆறுது" என்றாள்.

இவர் வாயைத் திறந்தார். முதலில் சத்தம் வரவில்லை. "கேக்கலீங்க" என்றார் அக்கா. இதை எழுதும்போது சிரிப்பாக இருக்கிறது, அன்று சிரிப்பு வரவில்லை. இந்த ஆளின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பொய்தான் சொன்னேன்" என்றார். "என் பொண்டாட்டி உசுரோட இருக்கா."

"யாரு உங்க பொண்டாட்டி? தொட்டுச் சொல்லுங்க சாமி."

என் தோளில் கை வைத்தார். "இவதான்" என்றார். சொல்லும்போதே கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. ஐம்பதை நெருங்கும் மனிதர், கதர்ச் சட்டையில், ஊர்ப் பெண்கள் முன்னால் தேம்பித் தேம்பி அழுதார். பெண்களும் கண்ணைத் துடைத்தார்கள். "பாவம், மனசுல எத்தனை பயம் வெச்சிருந்தாரோ. பொண்டாட்டி மேல உசுரு" என்றார்கள். மஞ்சத் தண்ணீர் என் தலையில் விழுந்தது.

அந்தப் பெண் அதற்குள் கை கழுவிக்கொண்டு மலைக்காரப் பெண்களோடு பந்தியில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கினாள். இவர் பக்கம் திரும்பவே இல்லை. இவர் கண் அந்தப் பந்தியை விட்டு நகரவே இல்லை. நான் பரிமாறிக்கொண்டு நின்றேன். கேட்க விரும்பியதைக் கேட்டுவிட்டேன். போட்ட திட்டமும் பலித்தது. ஆனால் என் சாவை எழுதும்போது அழாமல் டீ கேட்ட மனிதர், நான் உயிரோடு இருக்கிறேன் என்று சொல்லும்போதுதான் அழுதார். குழம்புக் கரண்டியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தேன். இவர் பார்க்க அழ மாட்டேன் என்று வைராக்கியம்.

அடுத்த வாரம் ஜீப் மலை இறங்கியது. சென்னையில் எந்த எழுத்தாளரையும் யாரும் தேடவில்லை என்பது அதற்கு முன்பே ஊருக்குத் தெரிந்துவிட்டது. இவர் விடுப்பு விண்ணப்பத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார். மூலையில் நாற்காலியைப் போட்டு ரோட்டைப் பார்த்து உட்கார்ந்தார். நான் சோற்றை வைத்தால் சாப்பிட்டார்.

அன்று சாயங்காலம் பக்கத்து வீட்டு அக்கா பலாச்சுளை கொண்டு வந்தார். நாற்காலியில் இருந்தவரைப் பார்த்து உச்சுக் கொட்டினார். "உனக்கு ஏதாவது ஆயிருமோன்னு பயந்தது இன்னும் தெளியலை பாரு" என்றார். பிறகு என் கன்னத்தை வழித்துத் தன் நெற்றியில் விரல் சொடுக்கினார். "இனிக் கவலைய உடு கண்ணு. உனக்கு ஆயுசு கெட்டி. நூறு வயசு வரைக்கும் அவரோடவே இருப்பே."

அவ்வளவு அன்பாக யாரும் எனக்குச் சாபம் கொடுத்ததில்லை.